தப்பும் தாளமும்

(வயது வந்தோர் கல்வி குறித்த அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம். மேடையில் நேரம் கருதி விட்டுவிட்ட சில பகுதிகள் இங்கே சேர்க்கப்பட்டுள்ளன.)



பறையைக் காய்ச்சாமல் அடிக்க முடியாது. மழைக்காலத்தில் தோல் ஈரத்தை இழுத்துக்கொண்டு தொய்ந்துவிடும். அடித்தால் நனைந்த சாக்கைத் தட்டியதுபோல 'பொத்'தென்று ஒரு சத்தம் வரும், அவ்வளவுதான். நாலு கை வைக்கோலைக் கொளுத்தி அந்த அனலில் காட்டினால் விறைத்துக்கொண்டு கணீரென்று பேசும். ஊரில் இதற்கெல்லாம் யாரும் அனுமதி கேட்பதில்லை. சிறைக்குள் வைக்கோல் வராது, தீப்பெட்டி வரவே வராது. நான் ஒரு மத்திய சிறையில், எந்தச் சிறை என்பது இங்கே தேவையில்லை, மாலை வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தபோது ஒரே ஒரு பறையை உள்ளே கொண்டுபோக மூன்று வாரம் அலைந்தேன். இதனால் பாதுகாப்புக்குப் பங்கம் வராது என்று எழுதிக் கொடுத்தேன். தோலின் விட்டம் எத்தனை அங்குலம் என்றுகூட ஒருவர் கேட்டார். ஒருவழியாக உள்ளே வந்தது. அன்றைக்குப் பார்த்து அடைமழை.

அங்கே வயதான வார்டர் ஒருவர் இருந்தார். பறையை வாங்கி அக்குளில் இடுக்கிக்கொண்டு, ஒன்றும் சொல்லாமல் சமையற்கூடத்துப் பக்கம் போனார். இருநூறு பேருக்குச் சோறு வேகும் அடுப்பு அங்கே எரிந்துகொண்டிருந்தது. கால் மணி நேரம் கழித்துத் திரும்பி வந்து, "இந்தாங்க சார், தப்பு வெந்திருச்சு" என்று நீட்டினார். 

வேண்டுமென்று சொன்னாரா, வாய்க்கு வந்ததைச் சொன்னாரா, எனக்குத் தெரியாது. ஆனால் அந்தச் சொல்லை அதற்குப் பிறகு என்னால் சும்மா விட முடியவில்லை. தஞ்சாவூர்ப் பக்கம் பறைக்குத் தப்பு என்றுதான் பெயர். செய்த குற்றத்துக்கும் பெயர் தப்பு. கணக்கில் விழும் பிழையும் தப்பு. சுவரேறிக் குதித்து ஓடினால் தப்பினான் என்கிறோம். சிறைக்குள் இந்த நாலு அர்த்தமும் ஒரே கொட்டடியில் கிடக்கின்றன.

நான் சங்கீதக்காரன் இல்லை. அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கத்தில் இருந்து வந்தவன். 1990களின் தொடக்கத்தில் அறிவொளி ஊர் ஊராகப் போனபோது, எழுத்துக்கு முன்னால் பாட்டு போயிற்று என்பது இங்கிருக்கும் நரைத்த தலைகளுக்கு நினைவிருக்கும். கலைக்குழு வந்து ஆடிப் பாடிவிட்டுப் போன பிறகுதான் பெண்கள் அரிக்கேன் விளக்கோடு வகுப்புக்கு வந்தார்கள். அந்தப் பழக்கத்தில் சிறைக்குப் போனவன், அங்கே பாட்டை மறந்துவிட்டு வெறும் சிலேட்டோடு போனேன். அது என் முதல் தப்பு.

இருபத்திரண்டு பேர் உட்கார்ந்திருப்பார்கள். சிலேட்டு மடியில் இருக்கும். சுண்ணக்கட்டி விரலில் இருக்கும். யாரும் எழுத மாட்டார்கள். சோம்பல் என்று நினைத்தேன். திமிர் என்றும் ஒரு நாள் நினைத்தேன். பிறகுதான் புரிந்தது. அந்த மனிதர்களின் தப்பு ஏற்கெனவே ஒருமுறை எழுதப்பட்டுவிட்டது. தீர்ப்பில் எழுதப்பட்டது. உள்ளே வந்த பிறகும் ஒவ்வொருவர் பெயரிலும் ஒரு ஹிஸ்டரி டிக்கெட் இருக்கிறது. வார்டரை எதிர்த்துப் பேசினால் அதில் ஏறும். அப்படிப்பட்டவரிடம் போய், பத்துப் பேர் பார்க்க 'ஈ' எழுது என்றால் எப்படி எழுதுவார்? சிலேட்டில் விழுந்த தப்பு கண்ணெதிரே கிடக்கும். பக்கத்து ஆள் எட்டிப் பார்ப்பான்.

தாளத்தில் விழுந்த தப்பு அப்படியில்லை. விழுந்த கணத்தில் காற்றோடு போய்விடும். அடுத்த ஆவர்த்தனத்தில் அதே இடம் மறுபடி வரும், மறுபடி முயலலாம். இன்று நான் சொல்ல வந்தது இந்த ஒன்றுதான். சிறையில் பாட்டையும் ஆட்டத்தையும் பொழுதுபோக்கு என்றோ மனதுக்கு மருந்து என்றோ நாம் சொல்லிக்கொள்கிறோம். அதைக் கல்வி என்று சொல்லவேண்டும் என்கிறேன். தண்டனை இல்லாமல் ஒரு மனிதன் தப்பு செய்யவும், அதை அவனே திருத்திக்கொள்ளவும் அந்தக் கட்டடத்துக்குள் வேறு இடம் கிடையாது.

கொஞ்சம் பின்னால் போகிறேன். நாம் இன்று அறிந்த சிறை பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவானபோது முதலில் கை வைத்தது குரலிலும் காலிலும். நியூயார்க் மாநிலத்து ஆபர்ன் சிறையில் 1820களில் கைதிகள் பகல் முழுவதும் சேர்ந்து வேலை செய்தார்கள், ஆனால் ஒரு வார்த்தை பேசக்கூடாது. ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போகும்போது ஒருவன் தோளில் ஒருவன் கைவைத்து, ஒட்டி ஒட்டி, ஒரே சமயத்தில் பாதத்தை நகர்த்திப் போகவேண்டும். லாக்ஸ்டெப் என்று அதற்குப் பெயர். யோசித்துப் பாருங்கள், அதுவும் ஒரு நடனப் பயிற்சிதான். வரிசை உண்டு, அடவு உண்டு, தாளம் உண்டு. ஆடுகிறவனுக்கு மட்டும் அதில் இடமில்லை. 

லண்டனில் 1842இல் திறந்த பென்டன்வில் சிறையில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். தனித்தனி அறை, வெளியே வந்தால் முகத்தை மறைக்கும் தொப்பி. தேவாலயத்தில்கூட ஒவ்வொருவருக்கும் தனிப் பெட்டி. குரலை உயர்த்த அனுமதி இருந்தது ஒரே ஒரு சமயத்தில்தான், துதிப்பாடல் பாடும்போது. கைதிகள் என்ன செய்தார்கள் தெரியுமா? மெட்டை அப்படியே வைத்துக்கொண்டு, வார்த்தைகளை மாற்றிப் பக்கத்துப் பெட்டிக்காரனுக்குச் சேதி சொன்னார்கள். நம் ஊரிலும் வெள்ளைக்காரன் காலத்துச் சிறைக் கையேடுகளில் குற்றங்களின் பட்டியலைப் பார்த்தால், நிறுத்தச் சொன்ன பிறகும் சத்தமாகப் பேசுவது, சிரிப்பது, பாடுவது என்று வரும். சிரிப்பும் பாட்டும் ஒரே வரியில்.

இதற்கு எதிர்ப்பக்கம் அமெரிக்காவின் தெற்கே இருந்தது. மிசிசிப்பியின் பார்ச்மன் பண்ணைச் சிறை. நாட்டார் பாடல்களைச் சேகரித்த ஆலன் லோமாக்ஸ் தகப்பனாரோடு 1933இலும், பிறகு தனியாக 1947, 48இலும், 1959இலும் அங்கே போய்க் கறுப்பினக் கைதிகளின் வேலைப்பாட்டுகளைப் பதிவு செய்தார். 1960களில் டெக்சஸ் சிறைகளில் புரூஸ் ஜாக்சன் அதே வேலையைச் செய்து 1972இல் புத்தகமாக்கினார். ஒரே மரத்தைச் சுற்றி நாலைந்து பேர் கோடாரியோடு நிற்கிறார்கள். ஒருவன் முன்பாட்டு எடுக்கிறான், மற்றவர்கள் பின்பாட்டு. பாட்டின் அடியில் கோடாரி விழுகிறது. தாளம் பிசகினால் பக்கத்தில் இருப்பவனின் கை போகும். முன்பாட்டுக்காரனுக்குக் குரல் இனிமையாக இருக்கவேண்டும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. கணக்குத் தப்பக்கூடாது, அவ்வளவுதான். 

இன்னொரு காரணமும் உண்டு, அதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். எல்லாக் கோடாரியும் ஒன்றாக எழுந்து ஒன்றாக விழுந்தால், யார் மெதுவாக வெட்டுகிறான் என்று காவல்காரனால் கண்டுபிடிக்க முடியாது. வயதானவனும் நோயாளியும் பாட்டுக்குள் ஒளிந்துகொண்டார்கள். 1959இல் லோமாக்ஸ் பதிவு செய்த அப்படியொரு பாட்டில் முன்பாட்டு எடுத்தவர் ஜேம்ஸ் கார்ட்டர். அந்தப் பதிவு 2000இல் ஒரு ஹாலிவுட் படத்தில் சேர்ந்து, அதன் இசைத்தட்டு கிராமி விருதும் வாங்கியது. ஆளைத் தேடிச் சிகாகோவில் கண்டுபிடித்து 2002இல் 20,000 டாலர் காசோலை கொடுத்தார்கள். அவருக்குத் தாம் பாடியதே நினைவில் இல்லை. வேலை செய்தவனுக்கு வேலைதான் நினைவிருக்கும்.

இதைப் படித்தபோது எனக்கு, கிணற்றில் நீர் இறைக்கும்போது பாடும் ஏற்றப்பாட்டு ஞாபகம் வந்தது. நம் ஏற்றக்காரரும் எண்ணிக்கையைப் பாட்டிலேயே வைத்திருந்தார். எத்தனை சால் இறைத்தோம் என்பது பாட்டில் வந்துகொண்டே இருக்கும். என் வகுப்பில் ஒரு பெரியவர். பெயர் வேண்டாம். ஆயுள் தண்டனை. ஒரு எழுத்தும் தெரியாது. சிலேட்டை முட்டியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு மூன்று மாதம் சும்மா இருந்தவர். ஒரு நாள் பேச்சுவாக்கில் ஏற்றம் பற்றிக் கேட்டேன். சிறுவனாக அப்பாவோடு ஏற்றத்தில் நின்றவராம். பாடச் சொன்னோம். வெட்கப்பட்டார். பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு பாடினார். ஒன்றில் தொடங்கி நூறு வரை ஓர் எண் தவறாமல் வந்தார். நூறு வரை பாடத் தெரிந்தவருக்கு ஏழு எழுதத் தெரியவில்லை. அதன் பிறகு எனக்கு வேலை மிகவும் சுலபமாகிவிட்டது. அவர் பாடவேண்டும், ஒவ்வொரு எண்ணிலும் சுண்ணக்கட்டி இறங்கவேண்டும். தப்பாக இறங்கினாலும் பாட்டு நிற்காது, அடுத்த சாலுக்குப் போய்விடும். சில வாரத்தில் தன் கைதி எண்ணை எழுதினார். இன்னும் சில மாதத்தில், தனக்கு எத்தனை நாள் ரெமிஷன், அதாவது தண்டனைக் குறைப்பு, விழுந்திருக்கிறது என்று தானே கூட்டிப் பார்த்தார். அதுவரை யாராவது சொன்னால்தான் அவருக்குத் தெரியும்.

மற்றவர்களும் இதைப் பிடித்துக்கொண்டார்கள். ஒரு வரிசை மூன்று மூன்றாகத் தட்டும், எதிர்வரிசை நான்கு நான்காகத் தட்டும். இரண்டும் எங்கே ஒன்றுசேரும்? பன்னிரண்டில் சேரும்போது எல்லோரும் சிரிப்பார்கள். பள்ளிக்கூடத்தில் பொது மடங்கு என்று நான் பத்து வருஷம் கத்தியும் ஏறாத பாடம் அது. ஐந்துக்கும் ஏழுக்கும் முப்பத்தைந்து வரை போகவேண்டும். அங்கே பாதிப்பேர் வழியில் விழுந்துவிடுவார்கள். விழுந்தவர்கள் அடுத்த சுற்றில் ஏறிக்கொள்வார்கள்.

சரி, கல்கத்தாவுக்கு வருவோம். இந்தியாவில் இந்தப் பேச்சை எடுத்தால் அலோகானந்தா ராயைத் தாண்டிப் போக முடியாது. செவ்வியல் நடனக்காரர். 2007 மார்ச் 8, மகளிர் தினத்தன்று பிரசிடென்சி சிறைக்கு விருந்தினராகப் போனார். அப்போது சிறைத்துறைத் தலைவராக இருந்த பி. டி. சர்மா, பெண் கைதிகளுக்கு நடனம் சொல்லித்தர முடியுமா என்று கேட்டார். ராய் சம்மதித்தார், ஆனால் அங்கே சோர்ந்து நடந்துகொண்டிருந்த இளைஞர்களைப் பார்த்து, இவர்களுக்கும் சொல்லித்தருகிறேனே என்றார். மேற்கு வங்கம் 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் சிறைகளுக்குச் சீர்திருத்த இல்லம் என்று பெயர் மாற்றியிருந்தது. பெயரை மாற்றுவது எளிது. அந்தப் பெயருக்குள் ஓர் ஆசிரியர் நுழைந்தது அன்றுதான் என்று சொல்லத் தோன்றுகிறது.

ஆண்கள் ஆட வரவில்லை. நடனம் பெண்கள் விஷயம் என்றார்கள். ராய் வாதம் செய்யவில்லை. களரிப்பயட்டு போன்ற போர்க்கலை அசைவுகளிலிருந்து தொடங்கினார். இது ஆசிரியருக்கு இருக்கவேண்டிய சாமர்த்தியம். மாணவன் எந்த வாசலில் நிற்கிறானோ அந்த வாசலைத் திறப்பது. அங்கிருந்து தாகூரின் 'வால்மீகி பிரதிபா'வுக்குப் போனார்கள். 1881இல், பத்தொன்பது வயதில் தாகூர் எழுதிய இசைநாடகம் அது. இந்துஸ்தானி ராகங்களோடு ஐரிஷ், ஆங்கில மெட்டுகளையும் கலந்து செய்தார். ஜோராசங்கோ வீட்டில் அவரே வால்மீகியாக நடித்தார். கொள்ளைக்கூட்டம் காளிக்குப் பலியிட ஒரு சிறுமியைப் பிடித்து வருகிறது. தலைவனின் மனம் இளகுகிறது. பிறகு வேடன் அம்பில் பறவை விழுகிறது, கவிதை பிறக்கிறது. கடைசியில் அந்தச் சிறுமிதான் சரஸ்வதி என்று தெரியவருகிறது. 

பிரசிடென்சியில் வால்மீகி வேடம் கட்டியவர் நைஜல் அக்காரா. 2009இல் விடுதலையாகிச் சொந்தமாகத் தொழில் தொடங்கினார். 2012இல் வெளிவந்த 'முக்தோதாரா' என்ற வங்காளப் படத்தில் கதாநாயகனாகவும் நடித்தார். படத்தின் கதையும் ஏறக்குறைய இதுவேதான். கைதிகள் சிறைக்கு வெளியே மேடைகளுக்கும் வந்து ஆடினார்கள். ராயை அம்மா என்று கூப்பிட்டார்கள். அப்படி வெளியே வந்தவர்களில் ஒருவரும் தப்பிப் போக முயலவில்லை என்று சொல்வார்கள்.

இந்தக் கதையை எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கும் பிடிக்கும். ஆனால் இதைச் சொல்லும் விதத்தில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. கொள்ளைக்காரன் வால்மீகியானான் என்ற புராணத்தை அப்படியே கைதிமேல் போர்த்திவிடுகிறோம். புராணத்தில் மனமாற்றம் ஒரு காட்சியில் நடந்துவிடும். வகுப்பில் நடப்பது வேறு. நாலு வாரம் ஒரே அடவு. ஒருவருக்கு முட்டி வலி, ஒருவருக்கு அன்றைக்குக் கோர்ட்டு, ஒருவருக்கு மனு, வீட்டிலிருந்து ஆள் வந்திருக்கிறார்கள். இன்னொருவர் காரணமே சொல்லாமல் வரமாட்டார். நட்சத்திரமாக மின்னிய ஒருவரைப் பற்றி நமக்குத் தெரியும். அவருக்குப் பின்வரிசையில் கொள்ளையர் கூட்டமாக நின்று, சரியான இடத்தில் சரியான காலை எடுத்து வைக்கக் கற்றுக்கொண்டவர்களைப் பற்றி யாரும் படம் எடுக்கவில்லை. கல்வி நடந்தது பின்வரிசையில்தான் என்று நான் நினைக்கிறேன்.

அதே 2007, ஜூலை மாதம். பிலிப்பைன்ஸின் செபு மாகாணச் சிறை முற்றத்தில் ஏறத்தாழ 1,500 பேர் ஆரஞ்சு உடையில் மைக்கேல் ஜாக்சனின் 'திரில்லர்' பாட்டுக்கு ஆடிய காணொளி யூடியூபில் வந்தது. இங்கே பலர் பார்த்திருப்பீர்கள். மாகாண அரசின் பாதுகாப்பு ஆலோசகராக இருந்த பைரன் கார்சியாவின் யோசனை அது. 'ஷாஷாங்க் ரிடெம்ப்ஷன்' படத்தில் சிறை ஒலிபெருக்கியில் மொசார்ட் ஒலிக்கும் காட்சி தமக்குத் தூண்டுதல் என்றார். உடற்பயிற்சியாகத் தொடங்கியது. உலகப் புகழ் பெற்றது. 2010இல் ஜாக்சனின் நடன அமைப்பாளர் டிராவிஸ் பெய்ன் நேரில் வந்து புதிய ஆட்டம் சொல்லிக்கொடுத்தார். மாடத்தில் பார்வையாளர்கள் உட்கார்ந்து பார்த்தார்கள், டீ ஷர்ட்டும் விற்றது.

நான் அந்தக் காணொளியைப் பலமுறை பார்த்திருக்கிறேன். திறமையைக் குறை சொல்ல முடியாது. சந்தோஷமாக ஆடுகிறவர்களின் முகமும் தெரிகிறது. ஆனால் அங்கே இருந்தவர்களில் பெரும்பாலோர் விசாரணைக் கைதிகள். தீர்ப்பு வராதவர்கள். அவர்களில் ஒருவர், இன்றைக்கு எனக்கு ஆட மனமில்லை என்று சொல்லமுடியுமா? ஒருவர் இடது காலுக்குப் பதில் வலது காலை வைத்தால் யாருக்குச் சங்கடம்? அவருக்கா, மாடத்தில் இருப்பவர்களுக்கா? 1,500 பேர் ஒரே மாதிரி அசையும்போது எனக்கு ஆபர்னின் லாக்ஸ்டெப் நினைவுக்கு வருவதைத் தடுக்க முடியவில்லை. பாட்டு மட்டும் நன்றாக இருக்கிறது.

செபுவைக் குறை சொல்லிவிட்டு நம் ஊரை விட்டுவிடக்கூடாது. ஆகஸ்ட் 15க்குப் பத்து நாள் இருக்கும்போது, "வாத்தியாரே, ஒரு நிகழ்ச்சி தயார் பண்ணுங்க, பெரிய அதிகாரி வர்றார்" என்று சேதி வரும். அன்றோடு வகுப்பு செத்தது. தப்பு விடுகிறவர்களை வரிசையிலிருந்து எடுக்கவேண்டும். நன்றாக ஆடுகிறவர்களை முன்னால் நிறுத்தவேண்டும். ஏற்றப்பாட்டுப் பெரியவரை ஒரு தடவை அப்படி எடுத்துவிட்டேன். உயரம் குறைவு, காலும் பிந்தும். அவர் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு வாரம் வகுப்புக்கு வரவில்லை. 

யாரையும் வரிசையிலிருந்து எடுக்காத வழியும் இருக்கிறது. இங்கிலாந்தில் குட் வைப்ரேஷன்ஸ் என்று ஓர் அமைப்பு. 2003இலிருந்து சிறைகளில் கமலான் வாசிக்கக் கற்றுக்கொடுக்கிறார்கள். ஜாவா தீவின் வெண்கல வாத்தியக் கூட்டம் அது. கோங், உலோகப் பட்டைகள், கிண்ணம் கிண்ணமாகக் கவிழ்த்த கருவிகள். செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் உட்காரவேண்டும். வாத்தியத்தைத் தாண்டக்கூடாது. பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் பயிற்சியை முடித்து, கடைசி நாள் ஒரு சிறு கச்சேரி, ஓர் ஒலிப்பதிவு. ஏன் போயும் போயும் ஜாவா? எனக்கும் முதலில் வேடிக்கையாகத்தான் இருந்தது. யோசித்தால் காரணம் தெரியும். அந்த அறையில் அதை ஏற்கெனவே தெரிந்தவர் ஒருவரும் இருக்கமாட்டார். கிதார் என்றால் நாலு பேர் வித்துவான், மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். கமலானில் எல்லோரும் ஒரே நாளில் தொடங்குகிறார்கள். முதல் மணி நேரத்திலேயே ஏதோ ஒன்றை அடிக்கலாம். இடம் மாறி மாறி உட்கார்ந்து ஒருவர் வாத்தியத்தை இன்னொருவர் வாசிக்கலாம். தனி ஆவர்த்தனக்காரர் என்று யாரும் இல்லை.

இடம் மாறி உட்காருவது. நம் ஊரில் அதுதான் கடினம். பறையை உள்ளே கொண்டுவந்த அன்று இருபத்திரண்டு பேரில் இரண்டு பேர்தான் பக்கத்தில் வந்தார்கள். மற்றவர்கள் ஆடத் தயார். ஒயிலாட்டத்துக்கு யாருக்கும் ஆட்சேபமில்லை. கையில் ஒரு துண்டு போதும், குச்சியோ கம்பியோ வேண்டாம் என்பதால் நிர்வாகத்துக்கும் ஆட்சேபமில்லை. ஆனால் தப்பைத் தொடுவது யார்? இன்னார்தான் அடிக்கவேண்டும் என்று ஒருவர் வாய்விட்டே சொன்னார். சிறைச் சுவர் பதினெட்டு அடி இருந்தென்ன, இருபது அடி இருந்தென்ன, சாதி ஏறிக் குதித்து உள்ளே வந்துவிடும். சிறையில் சாதி பார்த்து வேலை பிரிப்பதும் அடைப்பதும் அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று 2024 அக்டோபர் 3 அன்று உச்ச நீதிமன்றம் சுகன்யா சாந்தா வழக்கில் தீர்ப்புச் சொன்னது. பாளையங்கோட்டைச் சிறையில் சாதிவாரியாகப் பிரித்து வைத்த பழக்கமும் அந்தத் தீர்ப்பில் பேசப்படுகிறது. 

அப்போது என்னிடம் தீர்ப்பு இல்லை. ஒரு விதிதான் இருந்தது. வாரம் ஒருவர் அடிக்கவேண்டும், மறுத்தால் கட்டாயமில்லை. ஒருவர் மாதக்கணக்கில் மறுத்தார். ஒரு நாள் அடித்துக்கொண்டிருந்தவருக்கு மனு வந்து, வரிசை பாதி ஆட்டத்தில் நின்றுபோனது. மறுத்தவர் எழுந்து வந்து சுண்டுக்குச்சியை எடுத்து, ஆட்டம் முடியும்வரை அடித்தார். நன்றாக அடிக்கவில்லை. மறுநாள் கேட்டேன், முடியாது என்றுவிட்டார். அவ்வளவுதான் நடந்தது. இதை வெற்றி என்று அறிக்கையில் எழுத முடியாது.

அறிக்கை என்றதும் விதிகள் ஞாபகத்துக்கு வருகின்றன. நெல்சன் மண்டேலா விதிகள் என்று 2015இல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட சிறை விதிகளில் 104ஆம் விதி கல்வி பற்றியது. அடுத்த விதி 105, எல்லாச் சிறைகளிலும் பொழுதுபோக்கும் பண்பாட்டு நிகழ்ச்சிகளும் வேண்டும் என்கிறது, உடல்நலமும் மனநலமும் கருதி. நல்ல விதிதான். ஆனால் இரண்டுக்கும் நடுவில் ஒரு கோடு விழுந்துவிட்டது. அதற்கு இருபத்தாறு வருஷம் முன்பே, 1989இல், ஐரோப்பிய மன்றம் சிறைக் கல்வி பற்றித் தந்த பரிந்துரையில் அந்தக் கோடு இல்லை. வகுப்புப் பாடம், தொழிற்கல்வி, விளையாட்டு, நூலகம் இவற்றோடு படைப்புக்கலையும் கல்விதான் என்றார்கள். அதற்குக் கணிசமான இடம் தரவேண்டும் என்று தனியாகவும் எழுதினார்கள்.

கோடு எங்கே விழுகிறது என்பது வெறும் வார்த்தை விவகாரம் இல்லை. கல்வி என்றால் ஆசிரியர் உண்டு, நேர அட்டவணை உண்டு, வகுப்பு நேரத்தில் யாரையும் தோட்ட வேலைக்குக் கூப்பிட முடியாது. பொழுதுபோக்கு என்றால் பணம் குறைந்ததும் முதலில் வெட்டு விழுவது அங்கேதான். கலிபோர்னியாவில் 1980இல் தொடங்கிய சிறைக் கலைத் திட்டத்துக்கு 2003இல் நிதி வெட்டப்பட்டு, 2010இல் மூடினார்கள். சில வருஷம் கழித்து மறுபடி திறந்தார்கள். ஆராய்ச்சிக்கும் இதே கதை. சிறையில் படித்தவர்கள் மறுபடி குற்றத்துக்குத் திரும்பும் வாய்ப்பு விகிதம் 43 சதவீதம் குறைவு என்று ராண்ட் நிறுவனம் 2013இல் கண்டு சொன்னதை எல்லாரும் மேற்கோள் காட்டுகிறோம். அது எழுத்துக் கல்வியையும் தொழிற்கல்வியையும் வைத்துப் போட்ட கணக்கு. பாட்டும் ஆட்டமும் அந்தக் கணக்கில் இல்லை. கல்வி என்று எண்ணாததை எப்படி எண்ணுவார்கள்?

நம் நாட்டுக்கு இன்னொரு கணக்கும் இருக்கிறது. 2022 முடிவில் இந்தியச் சிறைகளில் 5,73,220 பேர். அவர்களில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நான்கில் மூன்று பேர். இன்றைக்கு ஜாமீன் வந்தால் நாளைக்குப் போய்விடுவார்கள், போகவும் வேண்டும். மூன்று மாதப் பாடத்திட்டம் அவர்களுக்குப் பொருந்தாது. கமலான்காரர்களின் ஒரு வாரக் கணக்கு நமக்குப் பயன்படும் என்று நினைக்கிறேன். தண்டனைக் கைதிகளுக்கு நீண்ட வகுப்பு, விசாரணைக் கைதிகளுக்கு ஏழு நாளில் முடிகிற சிறு பாடம். ஒயிலாட்டத்தில் இரண்டு அடவு போதும்.

கொலை செய்தவனுக்கு ஆட்டம் எதற்கு, செத்தவன் வீட்டில் யாராவது ஆடுகிறார்களா என்று ஓர் அம்மாள் என்னிடம் ஒரு கூட்டத்தில் கேட்டார். அவர் குடும்பத்தில் ஒரு சாவு நடந்திருந்தது. அவருக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை, இப்போதும் இல்லை. தீர்ப்பில் சொன்ன வருஷங்களை யாரும் குறைக்கவில்லை என்று மட்டும் சொன்னேன். அவர் அதை ஏற்றுக்கொள்ளவில்லை. இதைச் சொல்லாமல் விட்டால் இந்தப் பேச்சு நேர்மையாக இருக்காது.

உள்ளே இருப்பவரும் வெளியே இருப்பவரும் சேர்ந்து நின்ற ஓர் இடத்தை மட்டும் சொல்கிறேன். அமெரிக்காவில் அயோவா மாநிலத்து ஓக்டேல் சிறையில் மேரி கோஹன் என்ற பல்கலைக்கழக ஆசிரியர் 2009இல் ஒரு சேர்ந்திசைக் குழு தொடங்கினார். பாதிப்பேர் கைதிகள், பாதிப்பேர் ஊர்க்காரர்கள். ஊர்க்காரர்கள் வாராவாரம் கேட்டைத் தாண்டி உள்ளே வந்து, கைதியின் பக்கத்தில் நின்று பாடினார்கள். இருவரும் ஒரே இடத்தில் சுருதி விட்டார்கள், ஒரே இடத்தில் சேர்ந்துகொண்டார்கள். நம் ஊரில் வெளியிலிருந்து உள்ளே வந்து வரிசையில் நிற்க எத்தனை பேர் தயார் என்று தெரியவில்லை. மேடையில் உட்கார்ந்து பார்க்க நிறையப் பேர் வருவார்கள்.

இந்த அறக்கட்டளை ஆண்டுக்கு ஒரு சொற்பொழிவோடு நிற்காமல் ஏதாவது செய்ய நினைப்பதாகத் தலைவர் தொடக்கத்தில் சொன்னார். கேட்டுவிடுகிறேன். ஓர் ஆசிரியர், வாரம் மூன்று நாள், பஸ் கட்டணம், ஒரு சிறு சம்பளம். இரண்டு வருஷத்துக்கு எந்த விழாவிலும் ஆடவேண்டாம் என்று நிர்வாகத்தோடு ஓர் ஒப்பந்தம். வர மனமில்லாத கைதி வாசலிலேயே மறுக்கலாம் என்ற அனுமதி. மழைக்காலத்தில் சமையற்கூடத்து அடுப்பருகே பத்து நிமிஷம். இவ்வளவுதான் செலவு.

நான் வகுப்பை விட்டு வந்து வருஷங்கள் ஆகின்றன. வாங்கிய பொருளை எல்லாம் கிடங்கில் ஒப்படைக்கச் சொன்னார்கள். எழுத்தர் பெரிய பதிவேட்டைத் திறந்தார். நூலகம் என்று ஒரு பக்கம் இருந்தது, கல்வி உபகரணம் என்று இன்னொன்று. சிலேட்டுகள் அங்கே ஏறின. பறையைத் தூக்கிக் காட்டி, இதுவும் கல்வி உபகரணம்தான் என்றேன். என்னை ஒரு முறை நிமிர்ந்து பார்த்துவிட்டு, விளையாட்டு, பொழுதுபோக்கு என்ற பக்கத்துக்குப் புரட்டினார். "இதுக்குப் பேரு என்ன போடறது?" என்றார். பக்கத்தில் நின்ற பழைய வார்டர் சொன்னார். எழுத்தர் எழுதினார். கேரம் போர்டு 2, வாலிபால் 1, தப்பு 1.